பாறைக்குப் பசி

பாறைகளுக்கு நடுவே மல்லாந்து கிடந்தாள் மார்னி ஹாலரன்!

டாஸ்மேனியாவின் பேர் போன கவிஞர். பின்தலை உடைந்திருந்தது.

மேலே, கடலோரக் குன்றின் செங்குத்தான விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தாள் தங்கை ப்ரோனா.

"தற்கொலைதான்!" என்றார் இன்ஸ்பெக்டர் மக்காலி. "காலைல உங்க போனுக்கு நாலு வரிக் கவிதை அனுப்பிட்டுக் குதிச்சிருக்காங்க."

"அக்கா சாகற ஆள் இல்லை, சார்! ராத்திரிக்குப் பொரிச்ச மீன் வாங்கி வைக்கச் சொன்னா!"

"மீனுக்காக யாரும் உயிரோட இருக்கறதில்லைம்மா."

"அந்தக் கவிதை அவ அனுப்பினதுன்னு யார் சொன்னா?"

"நான் சொல்றேன்!"

பின்னாலிருந்து ஒரு குரல்... புரொபசர் கில்பர்ட் ஸ்டோக்! மார்னியின் கவிதைகளில் ஒரே சொற்றொடர்கள் திரும்பத் திரும்ப வருவதை ஆராய்ந்தே பதவி பிடித்த மனிதர். மக்காலிதான் வரவழைத்திருந்தார்.

ப்ரோனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன் சார், செத்தப்புறமும் அவளை விடமாட்டீங்களா?"

"ஒரு வருஷமா உங்க அக்காவை நான் பார்க்கவே இல்லை, மேடம். எனக்கு அவங்க கவிதை போதும்."

"அவளுக்கு உங்க ஆராய்ச்சின்னாலே சிரிப்பு! 'ஏன்டி ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதறே'ன்னு கேட்டேன். 'முன்னாடி எழுதினது மறந்துபோச்சுடி'ன்னா. நாளைக்கு ரேடியோவில அதைத்தான் சொல்ல இருந்தா!"

புரொபசரின் தாடை இறுகியது.

"மறதியா? அது கட்டடம்! செங்கல் செங்கலா அடுக்கின கட்டடம்!"

"சண்டை அப்புறம்!" மக்காலி அதட்டினார். "இந்த நாலு வரி அவங்களோடதுன்னா இப்பவே ஃபைலை மூடறேன். இல்லைன்னா கொலைக் கேஸ். சொல்லுங்க!"

ப்ரோனா உதட்டைக் கடித்தாள். ஃபைல் மூடினால், கொன்றவன் நிம்மதியாகத் தூங்குவான்...

புரொபசர் போனை வாங்கினார். முகம் மலர்ந்தது. வித்தை காட்ட மேடை கிடைத்துவிட்டதே!

"'உப்பே, என் முதல் உறவே'... இது 'படகுத்துறை'. 'காற்றுக்குக் கதவு எதற்கு'... 'விதவை வீடு', 'ஆட்டுமந்தை', ரெண்டுலயும் வருது. 'மூன்றாம் அலைக்குப் பெயரில்லை'... 'குளிர்காலம்'. 'பாறைக்குப் பசி'... 'நீர்க்காகம்', கடைசி வரி. அத்தனையும் அவங்க வாக்கு!"

மக்காலி ஃபைலை மூடினார்.

"ஒரு நிமிஷம், சார்!" ப்ரோனா குறுக்கே பாய்ந்தாள். "'நீர்க்காகம்' எந்தப் புத்தகத்துல இருக்கு, புரொபசர்?"

"அது... வந்து..."

"எதிலயும் இல்லை! இன்னிக்குக் காலைல இங்கே நடந்துக்கிட்டே கட்டின பாட்டு. போன்ல எனக்குப் பாடினா. தாள்லகூட ஏறலை! அந்த வரியைப் பார்த்துத்தான், நிஜமாவே அவதான் அனுப்பினாளோன்னு நானே உள்ளுக்குள்ள குழம்பிப் போயிருந்தேன்!"

மக்காலியின் புருவம் உயர்ந்தது.

"பாடி முடிச்சதும், 'ஒரு தொந்தரவு வருது, வைக்கறேன்'னா. புதுப் பாட்டை எதிர்ல வர்றவன்கிட்டெல்லாம் பாடிக் காட்டறது அவ வழக்கம். வந்த தொந்தரவு யாருன்னு இப்பத்தானே தெரியுது!"

புரொபசர் ஓடப் பார்த்தார். பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் அவர் கழுத்தைப் பிடித்தார்.

"மறதியாம்!" புரொபசர் கத்தினார். "என் ஆயுசு பூரா உழைச்சது... ஊரே சிரிச்சிருக்கும்! வாயை மூடுன்னு கெஞ்சினேன். கேட்கலை... தள்ளிட்டேன்! அவங்க போன்லேர்ந்தே அந்த நாலு வரியை அனுப்பினேன்!"

விலங்கு பூட்டியபடியே மக்காலி கேட்டார்.

"கடைசி வரி எதுல வருதுன்னு சொல்லாம விட்டிருந்தா தப்பிச்சிருப்பீங்களே, சார்?"

"எடுத்த இடத்தைச் சொல்லாம எப்படி விடறது?" நிஜமாகவே அதிர்ந்தார் புரொபசர்.

ப்ரோனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஸ்டேஷன்ல ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பாங்க. உங்க சப்ஜெக்ட்தானே... ஜமாய்ங்க, புரொபசர்!"