இரண்டு நிமிஷ ரிப்பேர்

போன் அலறியது!

கம்ப்யூட்டர் மெக்கானிக் எடுத்தான். தங்கையின் கணவன்.

"மச்சான்... உடனே வாங்க... அவளுக்கு ஷாக் அடிச்சு..."

கடையைக்கூடப் பூட்டாமல் ஓடினான்.

போலீஸ் முந்தியிருந்தது.

மேஜையடியில் தங்கையின் உடல். கையில் ஸ்க்ரூடிரைவர். கருகிய விரல் நுனிகள். பக்கத்தில், அவளே பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த கம்ப்யூட்டர். பவர் சப்ளையின் மூடி கழன்று கிடந்தது. பிளக், சுவரிலேயே!

"பிளக்கைப் பிடுங்காம கையை விட்டிருக்காங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அவளா சார்? 'முதல்ல பிளக்கைப் பிடுங்குடா எருமை'ன்னு அண்ணன் என்னையே திட்டுறவ..."

மெக்கானிக் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அவசரத்துல மறந்துட்டா மச்சான்." கணவன் மூக்கை உறிஞ்சினான்.

"என்ன நடந்ததுன்னு நீங்க சொல்லுங்க சார்." இன்ஸ்பெக்டர் கணவன் பக்கம் திரும்பினார்.

"பதினோரு மணிக்கு ஆபீசுக்குப் போன் பண்ணா. 'கம்ப்யூட்டர்ல படம் பார்த்துட்டிருந்தேன், பாதியில நின்னுபோச்சு, திறந்து பார்க்கிறேன்'னா. வேணாம்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். திரும்பக் கூப்பிட்டா எடுக்கல. ஓடி வந்தேன்..."

போனை நீட்டினான். 11.02. அவள் எண். நாற்பது விநாடி.

மெக்கானிக் மெல்ல நிமிர்ந்தான்.

"இன்னிக்கா மாப்பிள்ளை?"

"ஆமா."

"இந்த மெஷின்லயா?"

"வீட்டுல வேற எது இருக்கு?"

"சார்... உள்ளே டார்ச் அடிங்க. ஃபேனுக்குப் பக்கத்துல ரெண்டு நீளப் பள்ளம் தெரியுதா?"

"தெரியுது. காலி."

மெக்கானிக் சட்டைப் பையிலிருந்து எடுத்தான். சீப்பு நீளத்துக்கு ஒரு பச்சைப் பட்டை.

"இதுதான் ராம். இது இல்லாம மெஷின் வெறுமனே கத்தும். திரையில ஒரு புள்ளிகூட வராது. இருந்தது இது ஒண்ணுதான். நேத்து சாயங்காலமே கழட்டி எங்கிட்ட குடுத்துட்டா!"

கணவனின் கை தானாகக் கீழே இறங்கியது.

"அவ போன்லேருந்து உன் போனுக்கு நீயே அடிச்சிருக்கே." இன்ஸ்பெக்டரின் 'சார்' காணாமல் போயிருந்தது. "பதினொண்ணுக்கு எங்கடா இருந்தே?"

"பெட்டியைக் கட்டி வச்சிருந்தா சார்! வேலை தேடிக்கிட்டு... என்னை விட்டுட்டு..."

கணவன் கையில் விலங்கு விழுந்தது.

அவனை ஏற்றிக்கொண்டு ஜீப் கிளம்பிய பிறகும் மெக்கானிக் தரையிலேயே உட்கார்ந்திருந்தான்.

"தங்கச்சி வீட்டை விட்டுப் போறது உங்களுக்குத் தெரியுமா?" பின்தங்கி நின்ற இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"தெரியும் சார். 'காலையில இதைக் கொண்டு வா, வேலைக்கு விண்ணப்பம் அனுப்பிடுறேன். திரும்பும்போது என்னையும் கூட்டிட்டுப் போடா எருமை'ன்னா..."

"பெரிய ரிப்பேரா?"

"முனையில அழுக்கு. பென்சில் ரப்பரால தேய்ச்சேன். ரெண்டு நிமிஷம். நேத்தே முடிஞ்சுது."

"அப்புறம் ஏன்...?"

"மத்தியானம் சாப்பிட்டுட்டுப் போகலாம்னு இருந்தேன் சார்."

இன்ஸ்பெக்டர் பச்சைப் பட்டையை வாங்கி உறையில் போட்டார். மேலே எழுதினார்: பழுதான ராம், ஒன்று.

மெக்கானிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தான்.

"பழுதுன்னு எழுதாதீங்க சார்... அது பக்காவா இருக்கு. மெக்கானிக்தான் டியூப்லைட்!"