ஆறு – ஏழு வயது சைஸ்

டிரைவைப் பிடுங்கினால் கம்ப்யூட்டர் நல்ல பிள்ளையாக எழுந்தது. அதைச் சொருகிவிட்டு ஸ்டார்ட் செய்தால் கறுப்புத் திரை, இடது மூலையில் மினுக் மினுக்கென்று ஒரு சின்னக் கோடு, அவ்வளவுதான். மூன்று முறை செய்து பார்த்த சாயிரா பானுவுக்கு முதலில் வந்தது பயமல்ல, எரிச்சல். ஞாயிற்றுக்கிழமை அதுவுமாக முதலிபாளையம் வரை பஸ் ஏறி வந்து, ஆளில்லாத கம்பெனியில் ஒரு பொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து மன்றாட வேண்டியிருக்கிறதே என்ற எரிச்சல்.

குழந்தைகள் பனியன் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் அந்தக் கம்பெனியில், துணி வெட்டுவதற்கான பேட்டர்னைக் கம்ப்யூட்டரில் போடுவது அவள் வேலை. வெள்ளிக்கிழமை ஹார்டு டிஸ்க் மாற்றியதில் பழைய பேட்டர்னெல்லாம் போய்ச் சேர்ந்தது. திங்கள் காலையில் சாம்பிள் வெட்டியாக வேண்டும். மிச்சம் இருப்பது இந்த பேக்கப் டிரைவ் ஒன்றுதான். அவளுக்கு முன்பு அதே நாற்காலியில் இருந்த அய்யாசாமி மாஸ்டர் வைத்துவிட்டுப் போனது. அலமாரியில் சும்மா கிடந்ததை அவளேதான் தேடி எடுத்தாள். வேலியில் போன ஓணானை மடியில் விட்டுக்கொண்ட கதை.

கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கும் தௌபிக்குக்கு போன் போட்டாள்.

"அது ஒண்ணுமில்லீங்க அக்கா. பொட்டி எந்திரிக்கறப்ப விண்டோஸை உள்ள இருக்கற டிஸ்க்ல தேடாம, வெளிய சொருகுன டிரைவ்ல தேடுது. அங்க விண்டோஸே இல்லீங்களே, அதான் முழிச்சுட்டு நிக்குது. ஸ்டார்ட் ஆகறப்ப டெலீட் பட்டனை அமுத்திட்டே இருங்க. நீலத் திரை வரும். அதுல பூட் ஆர்டர்னு இருக்கும். யூஎஸ்பியைக் கீழ தள்ளிட்டு சேவ் பண்ணிருங்க."

செய்தாள். சேவ் செய்தாள். மறுபடியும் கறுப்புத் திரை. நீலத் திரைக்குத் திரும்பப் போய்ப் பார்த்தால், கீழே தள்ளிய டிரைவ் முதல் இடத்துக்கு ஏறி உட்கார்ந்திருந்தது.

"உள்ள இருக்கற பேட்டரி போயிருக்கும்ங்க, செட்டிங்கை மறந்துருது" என்றான் தௌபிக். "நாளைக்குக் காலைல வந்து மாத்தித் தர்றேன். இன்னைக்கு ஊட்டுக்குப் போங்க அக்கா."

போயிருக்கலாம். தண்ணீர் குடித்துவிட்டு வந்து ஒரே ஒரு முறை பார்ப்போம் என்று எழுந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைக் கம்பெனிக்கு என்று ஒரு சத்தமின்மை உண்டு. மற்ற நாளெல்லாம் நூறு தையல் மிஷின் ஒன்றாக ஓடுகிற இடம் அது. அன்றைக்கு அவள் செருப்புச் சத்தம் மட்டும் ஹால் கடைசி வரை போய், சுவரில் இடித்துத் திரும்பி வந்தது. மூடிக் கிடந்த ஜன்னல்களுக்குள் நேற்றைய அயர்ன் ஆவியும் மிஷின் ஆயிலும் சாயத்துணியின் புளித்த வாடையும் அப்படியே தங்கி, மழை மூட்டத்தில் நாலரை மணிக்கே வரிசை வரிசையாக இருட்டத் தொடங்கியிருந்தது. அந்த இருட்டுக்குள் நின்று தண்ணீர் குடிக்கும்போதுதான், அறைக்குள்ளிருந்து டிரைவ் சுற்றுவது கேட்டது. டக். கொஞ்சம் இடைவெளி. டக்.

திரும்பி வந்தபோது கம்ப்யூட்டர் எழுந்திருந்தது.

விண்டோஸ் இல்லாத டிரைவிலிருந்து எழுந்து, யாரும் தொடாமலே பேட்டர்ன் சாஃப்ட்வேரைத் திறந்து வைத்திருந்தது. மவுஸை அசைத்தாள். அம்புக்குறி நகரவில்லை. திரையில் இரண்டு ஃபோல்டர்கள் மட்டும். முதலாவதன் பெயர் பூங்குழலி.

அது மாஸ்டரின் மகள் பெயர். சைஸ் சரியாக வருகிறதா என்று பார்க்கத் தன் மகளையே அளந்து, அந்த ஸ்டைலுக்கு அவள் பெயரையே வைப்பது அவர் வழக்கம். ஃபோல்டர் தானாகத் திறந்தது. இரண்டு – மூன்று வயது. மூன்று – நான்கு. அப்படியே ஏறி, எட்டு – ஒன்பதோடு நின்றது. பூங்குழலி எட்டு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அந்த வாரமே மாஸ்டர் வேலையை விட்டுப் போனார், டிபன் பாக்ஸைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டாவது ஃபோல்டரின் பெயர் தஹ்சீன்.

சாயிராவின் மகள். இருப்பது இந்த ஒரே பிள்ளை. போன வருஷம், மாஸ்டர் செய்தது போலத் தானும் செய்து பார்க்கும் ஆசையில், தஹ்சீனை மேஜை மேல் நிற்க வைத்து அளந்து, நான்கு – ஐந்து வயது சைஸ் ஒன்றைப் போட்டாள். ஒன்றே ஒன்றுதான். அதையும் இந்த டிரைவில் அவள் ஏற்றவில்லை.

உள்ளே மூன்று சைஸ் இருந்தது.

ஐந்து – ஆறு திறந்தது. மார்பு, நீளம், தோள். இடது தோள் ஒரு சென்டிமீட்டர் இறக்கம். ஆறு மாதம் முன்பு சைக்கிளிலிருந்து விழுந்து எலும்பு முறிந்து கூடியதிலிருந்து தஹ்சீனின் இடது தோள் அப்படித்தான் இறங்கியிருக்கிறது. அதை எந்த டேப்பும் அளந்ததில்லை.



தஹ்சீனுக்கு ஆறு முடிந்து போன மாதம்தான் ஏழு தொடங்கியது. கடைசி சைஸ் ஆறு – ஏழு. அதற்குப் பிறகு எதுவுமில்லை.

அவளுக்குப் பின்னால் பிளாட்டர் உயிர் பெற்றது. பேட்டர்னை நிஜ அளவில் காகிதத்தில் வரைந்து தரும் இயந்திரம். ஆள் அகலக் காகிதம் சரசரவென்று இறங்க, பேனா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடியது. எழுந்து போய்ப் பார்த்தாள். நீளமான ஒரு துண்டு. கை இல்லை. கழுத்துக்கு வளைவு இல்லை. எந்தத் துண்டுக்கும் இரண்டு கோடு இருக்கும், வெட்டுவதற்கு ஒன்று, அதற்கு உள்ளே தைப்பதற்கு ஒன்று. இதில் ஒரே கோடு. தையலுக்கு இடமே விடவில்லை.

இரண்டாவது துண்டு. அதுவும் ஒரே கோடு.

மாமியார் மவுத்தானபோது பெண்களோடு உட்கார்ந்து அடக்கத்துக்கான கபன் துணியை அளந்து வெட்டியவள் அவள். மய்யித்துக்கு உடுத்தும் துணியில் தையல் கிடையாது. பெண்ணுக்கு ஐந்து துண்டு.

வீட்டுக்கு போன் போட்டாள். கணவர் காஜா மொய்தீன் எடுத்தார்.

"ஏனுங்க, தஹ்சீன் எங்க?"

"தூங்கறா. மத்தியானத்துல இருந்து லேசா மேல் சுட்டுச்சு."

"எழுப்புங்க."

"தூங்கற பிள்ளைய எதுக்கு சாயிரா?"

"எழுப்புங்க. எழுப்பிட்டு, அவளையே எனக்கு போன் போடச் சொல்லுங்க."

போனை மேஜையில் வைத்துவிட்டு டிரைவைப் பிடுங்கினாள். திரை அணைந்தது. பேனா ஓடியது. பிளாட்டருக்குத் தனி மெமரி உண்டு, அதனால்தான், அதனால்தான். சுவரிலிருந்து பிளாட்டர் வயரையும் உருவினாள். பச்சை விளக்கு அணைந்தது. பேனா நின்றது.

டக்.

டிரைவ் அவள் கையில் இருந்தது. வயர் தரையில் தொங்கியது. உள்ளே சுற்றியது.

பேனா ஓடியது.

மூன்றாவது துண்டு. தலைக்கு.

காகிதத்தைக் கிழித்தாள். மிச்சத்தில் வரைந்தது.

நான்காவது.

யா அல்லாஹ், என் பிள்ளை, என் பிள்ளை. வேறெதுவும் அவளுக்கு வாயில் வரவில்லை. ஐந்தாவது துண்டின் கடைசிக் கோடு மூடும் இடத்தில் தன் முன்கையைக் குறுக்கே வைத்தாள். முழு பலத்தோடு அழுத்திக்கொண்டாள்.

பேனா வந்தது. கையில் இடிக்கவில்லை. ஏறியது. சில்லென்று, ஈரமாக, தோலின் மேல் நேர்கோடு.

கோடு முடிந்தது. பேட்டர்ன் முடிந்ததும் அதன் மேல் விவரம் எழுதுவது வழக்கம். அவள் கை மேலேயே எழுதியது. ஒவ்வொரு எழுத்தாக. தஹ்சீன். சைஸ் 6–7. துண்டு 5. தேதி.

இன்றைய தேதி.

மேஜையில் போன் அடித்தது. திரையில் 'வீடு' என்று இருந்தது. அவளால் கையை எடுக்க முடியவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது. தேதிக்குப் பக்கத்தில் பேனா மணியை எழுதத் தொடங்கியது.