புதுச்சத்திரம் தாண்டாத ராஜாமணி

ராஜாமணி செத்துக் கிடந்தாள்!

புதுச்சத்திரத்துக்கு முன்னால்... சாலையோரப் புழுதியில்... வாயோரம் நுரை!

கொளஞ்சியம்மாள் தன் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்து நாடி பார்த்தாள். தேவனாம்பட்டினத்து மருத்துவச்சி அவள். சைக்கிளிலேயே ஊர் ஊராகப் போய்ப் பிரசவம் பார்ப்பவள். உயிர் இல்லை என்று விரலுக்குத் தெரிந்துவிட்டது.

மனசுக்கு எதுவுமே எட்டவில்லை.

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பெண்கள் சைக்கிள் பந்தயம். ஜெயிக்கிறவளுக்கு மெட்ராஸ் கம்பெனி ஒன்றில் சம்பளத்துக்குப் பந்தயம் ஓட்டும் வேலை! முன்னால் வந்தவர்கள் இவர்கள் இரண்டு பேர்தான்.

எதிரே வந்த லாரி ஒன்று நின்று, பார்த்து, பயந்து, சிதம்பரம் பக்கமே திரும்பிப் பறந்தது.

பந்தோபஸ்து ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் கலியபெருமாள் கீழே கிடந்த பாட்டிலை முகர்ந்தார்.

"பூச்சிமருந்து! யாரோட பாட்டில்மா?"

"என்னுதுங்க. அவ பாட்டில் காலி. தண்ணி கேட்டா... குடுத்தேன்."

"நீ குடிக்கலியா?"

"தாகம் எடுக்கலீங்க."

"நல்ல கதையா இருக்கே! இவ போயிட்டா நீதான மொதல்ல?"

'இனிப்பா இருக்குக்கா...' ராஜாமணி கடைசியாகச் சொன்னது அதுதான்.

"பாட்டில யாரு ரொப்புனது?"

புருஷன்! உத்திராபதி!

'குளுக்கோஸ் ஜாஸ்தியா போட்டிருக்கேன்' என்று காலையில் சிரித்தானே!

அவன் சிதம்பரத்தில் காத்திருப்பான். கீழே கிடந்த சைக்கிளைத் தூக்கி நிறுத்தினாள்.

"சிதம்பரம் வரைக்கும் ஓட்டிட்டு வர்றேங்க. அங்க சொல்றேன்."

"தப்பிச்சு ஓடிட்டா?"

"முன்னால ரோடு... பின்னால உங்க ஜீப்பு. எங்க ஓடப் போறேன்?"

ராஜாமணியின் பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிளை நிறுத்திவிட்டு ஜீப் பின்தொடர்ந்தது. மற்றப் பெண்கள் ஒவ்வொருவராக முந்திப் போனார்கள். கொளஞ்சி மிதித்தாள். கால் மட்டும்தான் அவளுடையதாக இருந்தது.

சிதம்பரம் கீழவீதி! பந்தயம் முடியும் இடம்.

கூட்டத்தின் நடுவே உத்திராபதி மார்பில் அடித்துக்கொண்டிருந்தான்.

"அய்யோ கொளஞ்சி! என்ன வுட்டுட்டுப் போயிட்டியே!"

அவள் சைக்கிளை அவன் முன்னால் நிறுத்தினாள்.

அழுகை சட்டென்று நின்றது.

"நீ... நீயா?"

அவன் முகத்தில் சந்தோஷம் இல்லை. பயம்!

இன்ஸ்பெக்டர் குதித்து இறங்கினார்.

"எப்பலேருந்து அழுவுறான்?"

"லாரிக்காரர் வந்து சொன்னதுலேருந்துங்க," என்றார் ஒரு கடைக்காரர். "அப்ப ஒரு பொண்ணுகூட வந்து சேரல."

லாரி டிரைவர் கண்ணாயிரம் கையெடுத்துக் கும்பிட்டான். "பந்தயத்துல ஒரு பொண்ணு செத்துட்டுதுன்னுதான் சொன்னேன் சார். பேரே எனக்குத் தெரியாது!"

இன்ஸ்பெக்டர் உத்திராபதியின் சட்டையைப் பிடித்தார்.

"அத்தன பொண்ணுங்க ரோட்டுல! ஒனக்கு மட்டும் எப்படிடா பேரு தெரிஞ்சுது?"

பளார்!

"மெட்ராசுக்குப் போயிட்டா என்ன மதிக்கமாட்டா சார்... ஊரே சிரிக்கும் சார்!"

"பாட்டில ரொப்புனது இவருதாங்க," என்றாள் கொளஞ்சி.

கோபம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. காலில் ஒட்டிய புழுதியை மட்டும் தட்டிவிட்டாள்.

விலங்கு பூட்டினார்கள்.

நடந்தது எதுவும் தெரியாமல், விலங்கையும் கவனிக்காமல், கொளஞ்சிதான் ஜெயித்தவள் என்று நினைத்துப் பத்திரிகைக்காரன் ஒருவன் காமிராவோடு நுழைந்தான்.

"அம்மா! வூட்டுக்காரர் பக்கத்துல நில்லுங்க... ஜோடியா ஒரு போட்டோ!"

கொளஞ்சி நகர்ந்து வழிவிட்டாள்.

"அவர மட்டும் எடுங்க. நேரா ஒண்ணு... பக்கவாட்டுல ஒண்ணு. ஸ்டேஷன்ல மாட்டணுமில்ல!"