ஜெபா சொன்ன ஜெபக் குறிப்பு

ஞாயிற்றுக்கிழமை என்றாலே ஜெபாவுக்கு எரிச்சல் வந்துவிடும்.

பள்ளிக்கூடம் இல்லாத நாள்தான். ஆனாலும் அவளுக்கு அது லீவு நாளாக இருந்து மூன்று மாதம் ஆகிறது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்பக்கம் இருக்கும் அவர்கள் சபையில், காலை ஆராதனை முடிந்த பிறகு, மாலை நான்கு மணிக்கு, சபையார் ஒரு வீட்டில் கூடிப் பாடி ஜெபிக்கும் ஐக்கியக் கூட்டம் உண்டு. வாரம் ஒரு வீட்டில் நடக்கும் என்றுதான் பேச்சு. அருணா அக்கா வீட்டில் பெயிண்ட் அடிக்கிறார்கள் என்று ஒரு வாரம் ஜெபாவின் வீட்டுக்கு வந்தார்கள். அடுத்த வாரம் யாருக்கோ காய்ச்சல் என்று வந்தார்கள். அதற்கடுத்த வாரம் காரணம்கூடச் சொல்லவில்லை. நேராக வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

ஜெபாவின் வீடு ஒரு ஹாலும் ஒரு சமையலறையும்தான். ஆனால் ஹால் கொஞ்சம் பெரியது. இருபது பேர் நெருக்கி உட்காரலாம். அதுதான் வம்பாகப் போயிற்று.

மூன்றரை மணிக்கே கட்டிலைத் தூக்கிச் சுவரில் சாய்க்க வேண்டும். பாய் விரிக்க வேண்டும். இருபத்திரண்டு டம்ளர்களைக் கழுவி வைக்க வேண்டும். "ஒரு மணி நேரம்தான்" என்று ஆரம்பிக்கும் கூட்டம் ஏழு மணி வரை போகும். தனக்காக எதை வேண்டி ஜெபிக்க வேண்டும் என்று ஒவ்வொருவரும் ஒரு ஜெபக் குறிப்பு சொல்வார்கள். நடுவில் யாராவது ஓர் ஆன்ட்டி கட்டாயம் கேட்பார்.

"ஜெபா பாப்பா, எங்க, ஒரு வசனம் சொல்லு பாக்கலாம்."

ஜெபா வேதாகமத்திலேயே மிகச் சின்ன வசனமாகத் தேடிப் பிடித்து வைத்திருந்தாள். பன்னிரண்டு வாரமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

"பேரே ஜெபா. உனக்குக் கூட்டம்னா ரொம்பப் புடிக்கும், இல்ல?" என்று தானியேல் பாஸ்டர் வாராவாரம் கேட்பார். ஜெபா பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டுவாள்.

நைனாவின் ஷிப்ட் மட்டும் மாறாமல் இருந்திருந்தால், இதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள்.

அப்பாவை அவள் நைனா என்றுதான் கூப்பிடுவாள். அவர் பெயர் பாக்கியராஜ். இரும்புத் தகடு வெட்டும் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறார். இந்த மாதம் முழுக்க அவருக்கு நைட் ஷிப்ட். வார லீவும் செவ்வாய்க்கிழமைக்கு மாறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கு வீட்டுக்கு வருவார். குளித்ததும் ஆராதனைக்குக் கிளம்புவார். அது முடிந்து, சாப்பிட்டுப் படுக்கும்போது மணி இரண்டாகிவிடும். மூன்றரைக்குக் கட்டிலைத் தூக்க வேண்டுமே என்று எழுந்துவிடுவார். இரவு ஒன்பது மணிக்கு மறுபடியும் வேலைக்குக் கிளம்ப வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை, செங்கம்மாள் ஆன்ட்டி கண்களை மூடி உருக்கமாக ஜெபித்துக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து 'கொர்' என்று ஒரு சத்தம் வந்தது. நைனா சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். எல்லாரும் சிரித்தார்கள். விழித்துக்கொண்ட நைனாவும் சிரித்தார். ஜெபாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலையில் நைனா இடது கையின் இரண்டு விரல்களைச் சேர்த்துக் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்.

"இன்னாச்சுங்க?" என்று அம்மா கிறிஸ்டினா பதறிப்போய்க் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. ஒரு செகண்டு கண்ணு அசந்துடுச்சு. தகடு கீறிடுச்சு. பக்கத்துல நின்ன சபரிநாதன்தான் கையப் புடிச்சு இழுத்தான். இல்லன்னா..."

ஜெபா வாசலில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தாள். வாயிலிருந்த நுரையைத் துப்பவே மறந்துபோனாள்.

நைனா படுத்த பிறகு அவள் அம்மாவிடம் போனாள். "அம்மா, இந்த வாரம் கூட்டத்த வேற ஊட்டுல வெச்சுக்கச் சொல்லும்மா."

"நான் எப்படிடி சொல்றது? ஆண்டவரோட கூட்டத்தையே வேணாம்னு சொல்ற மாதிரி ஆயிடும். நாலு பேரு இன்னா நெனப்பாங்க?"

"நைனா, நீயாவது சொல்லு."

"பரவால்ல வுடும்மா," என்றார் நைனா, கண்ணைத் திறக்காமலே. "ரெண்டு மூணு மணி நேரம்தான?"

இந்தப் 'பரவால்ல'வைப் பெரியவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று ஜெபாவுக்கு விளங்கவில்லை. விரலில் கட்டு, பரவால்ல. கண் இரண்டும் தக்காளிப் பழம் மாதிரி இருக்கிறது, அதுவும் பரவால்ல.

சரி, நாமே கேட்டுவிடலாம் என்று முடிவு செய்தாள்.

முதலில் அருணா அக்காவிடம் கேட்டாள். "எங்க ஊட்டுல இன்னும் பெயிண்ட் வாசனை போகல பாப்பா," என்றாள் அருணா அக்கா.

"மூணு மாசமாவாக்கா?"

"நல்ல பெயிண்ட்டு," என்று சொல்லிவிட்டு, "நைனாவுக்காக நான் ஜெபம் பண்றேன், கவலப்படாத," என்றாள்.

அடுத்து, வியாழக்கிழமை பஸ் ஸ்டாப்பில் நின்ற செங்கம்மாள் ஆன்ட்டியிடம் போனாள். செங்கம்மாள் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை செய்பவர். சபையிலேயே உரத்த குரல் அவருடையதுதான். அவர் ஜெபித்தால் தெருமுனை வரை கேட்கும். நடந்ததையெல்லாம் ஜெபா சொன்னாள்.

"ஐயோ பாவம். நான் தெனமும் உங்க நைனாவுக்காக ஜெபம் பண்ணிக்கினுதான் கீறேன்," என்றார் செங்கம்மாள்.

"ஜெபம் சரி ஆன்ட்டி. ஊடு?"

செங்கம்மாளின் முகம் சட்டென்று மாறியது. "எங்க ஊட்டுலயா? அது எப்படி பாப்பா... இரு, எனக்கு பஸ்சு வந்துடுச்சு."

பஸ் வரவில்லை. ரோட்டில் ஒரு தண்ணீர் லாரிதான் வந்துகொண்டிருந்தது.

ஜெபா கால்களைத் தரையில் உதைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். எல்லாரும் ஜெபிக்கத் தயார். ஒரு பாய் விரிக்க மட்டும் யாரும் தயாரில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மூன்றரை மணிக்கு அம்மா நைனாவின் தோளைத் தட்டினாள். நைனா அசையவில்லை. கட்டுப் போட்ட கையை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு, வாய் லேசாகத் திறந்தபடி தூங்கினார். அம்மா இன்னொரு முறை தட்டக் கையை நீட்டினாள். என்ன நினைத்தாளோ, கையை இழுத்துக்கொண்டாள்.

"இன்னும் பத்து நிமிஷம் தூங்கட்டும்," என்றாள் மெல்ல.

பத்து நிமிடத்தில் வாசலில் பேச்சுக் குரல் கேட்டது. தானியேல் பாஸ்டர் முன்னால் வந்தார். அவருக்குப் பின்னால் பதினெட்டுப் பேர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஜெபா ஓடிப்போய் வாசற்படியில் நின்றாள். கதவை முக்கால்வாசி சாத்திக்கொண்டாள்.

"ஸ்தோத்திரம் ஜெபா," என்றார் பாஸ்டர். "வழி வுடும்மா."

"ஸ்தோத்திரம் பாஸ்டர். ஒரு ஜெபக் குறிப்பு கீது. அத மொதல்ல சொல்லிடறேன்."

"உள்ள போய் எல்லாரும் சொல்லும்போது சொல்லலாமே."

"உள்ள போனா இந்தக் குறிப்பு வீணாப் பூடும் பாஸ்டர்."

பாஸ்டர் புருவத்தை உயர்த்தினார். "சரி, சொல்லு."

ஜெபா கதவைப் பிடித்த பிடியை விடாமல் சொன்னாள். "எங்க நைனாவுக்குத் தூக்கம் வேணும். நீங்க எல்லாரும் உள்ள வந்து ஜெபம் பண்ணா அது கெடைக்காது. வேற ஊட்டுக்குப் போய் ஜெபம் பண்ணா கெடைக்கும்."

உள்ளேயிருந்து ஓடி வந்த அம்மா, "ஜெபா, இன்னாடி பேச்சு இது," என்று அவள் கையைப் பிடித்து இழுத்தாள். கதவு நன்றாகத் திறந்துகொண்டது. கட்டிலில் தூங்கும் நைனாவையும், அவருடைய கட்டுப் போட்ட விரல்களையும் எல்லாரும் பார்த்தார்கள்.

"காலையில ஆராதனையிலயே கேக்கணும்னு நெனச்சேன். கையில இன்னா?" என்று பாஸ்டர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"மெஷின் முன்னாடி தூங்கிட்டாரு," என்றாள் ஜெபா. "போன வாரம் எல்லாரும் சிரிச்சீங்களே, அதே நாள் நைட்டு."

பாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். "மூணு மாசமா இங்கயே வர்றோம். நானும் கவனிக்கலையே," என்றார். பிறகு திரும்பி, "யாரு ஊட்டுக்குப் போகலாம்?" என்று கேட்டார்.

எல்லாரும் அவரவர் செருப்பையே பார்த்தார்கள். அருணா அக்கா ஏதோ சொல்ல வாயைத் திறந்து, ஜெபாவைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள்.

"எங்க ஊட்டுக்கு வாங்க."

குரல் அவ்வளவு சின்னதாக இருந்ததால், அது செங்கம்மாளுடையது என்று முதலில் யாருக்கும் தெரியவில்லை.

எல்லாரும் மறுபடியும் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். செங்கம்மாள் மட்டும் கிளம்பாமல் ஜெபாவின் அருகில் வந்து காதோடு சொன்னார்.

"பாப்பா, எங்கிட்ட நாலு டம்ளருதான் கீது. சேரு ஒண்ணே ஒண்ணு, அதுக்கும் ஒரு காலு ஆடும். தரை பூரா பேந்து கெடக்குது. பாஸ்டர எங்கன்னு உக்கார வெப்பேன்? அதான் அன்னிக்கி..."

ஜெபாவுக்கு முகம் சூடானது. வியாழக்கிழமையிலிருந்து இந்த ஆன்ட்டியின்மேல் அவள் எவ்வளவு கோபமாக இருந்தாள்!

"பாய் போட்டா தரை தெரியாது ஆன்ட்டி," என்றாள். "எங்க ஊட்டுப் பாயி, டம்ளரு எல்லாத்தையும் எடுத்துக்கினு வரேன். நீங்க முன்னாடி போய்க் கதவத் தொறங்க."

அம்மா சமையலறைக்குள் போய், சத்தம் வராமல் டீப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஜெபா ஒரு கையில் டம்ளர் கூடையும், அக்குளில் இரண்டு பாய்களுமாகப் பின்னாலேயே நடந்தாள். வழியில் அருணா அக்கா ஓடி வந்து பாய்களை வாங்கிக்கொண்டாள்.

செங்கம்மாளின் வீடு உண்மையிலேயே சின்னதுதான். பன்னிரண்டு பேர் உள்ளே உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் வெளியே முருங்கை மர நிழலில் உட்கார்ந்தார்கள். பாஸ்டர் உட்கார்ந்த இடத்தில் பாய்க்கு அடியில் ஒரு பள்ளம் இருந்தது. அவர் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே போனார். ஆனால் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

செங்கம்மாள் ஒவ்வொருவருக்கும் தன் கையாலேயே டீ கொடுத்தார். "எங்க ஊட்டுக்கு யாரும் வந்ததே இல்ல," என்று நான்கு பேரிடமாவது சொல்லியிருப்பார். ஜெப நேரம் வந்தபோது, பாக்கியராஜ் நன்றாகத் தூங்க வேண்டும் என்று அவர் ஜெபித்த சத்தத்தில் முருங்கை மரத்துக் காக்கைகள் எல்லாம் பறந்தன. நல்லவேளை, ஜெபாவின் வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தது.

கூட்டம் முடிந்ததும், "அடுத்த வாரமும் இங்கயே வந்துடுங்க," என்றார் செங்கம்மாள்.

"இல்ல ஆன்ட்டி," என்றாள் ஜெபா. "அடுத்த வாரம் அருணாக்கா ஊடு. பெயிண்ட்டு காஞ்சிருக்கும்."

அருணா அக்கா முதலில் ஜெபாவை முறைத்தாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "காஞ்சிருக்கும், காஞ்சிருக்கும். எல்லாரும் வாங்க," என்றாள்.

ஜெபாவும் அம்மாவும் வீட்டுக்கு வந்தபோது மணி ஏழு. கதவு திறந்த சத்தத்தில் நைனா கண் விழித்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்ததும் துள்ளி எழுந்து உட்கார்ந்தார்.

"மணி ஏழா? கூட்டம் இன்னாச்சு? கட்டிலத் தூக்கலையே."

"முடிஞ்சுடுச்சு நைனா."

"முடிஞ்சுடுச்சா? எங்க?"

"செங்கம்மா ஆன்ட்டி ஊட்டுல."

நைனா அம்மாவைப் பார்த்தார். "உங்க பொண்ணையே கேளுங்க," என்றாள் அம்மா. அவள் குரலில் கோபம் இல்லை.

"என்ன யாரும் தேடலையா?" என்று நைனா கேட்டார்.

"தேடல. நீ நல்லாத் தூங்கணும்னு எல்லாரும் ஜெபம் பண்ணாங்க."

நைனா தாடையைத் தடவிக்கொண்டார். "ஒம்போது மணிக்குத்தான கெளம்பணும்?"

"ஆமா நைனா."

"அப்ப இன்னும் ஒரு மணி நேரம் தூங்கலாம்," என்று சொல்லி, மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஜெபா ஃபேனின் வேகத்தைக் கூட்டி வைத்தாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, மூன்று மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக, ஞாயிற்றுக்கிழமை விளையாடப் போனாள்.