ஹேங் ஆகாத போன்

செங்கல்பட்டு பழைய பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த செல்போன் கடைக்கு நாங்கள் போனபோது மாலை நான்கு மணிதான். ஆனாலும் மழைக்கு இருட்டிக்கொண்டு வந்ததில் கடைக்குள் விளக்கு எரிந்தது. என்னை இழுத்து வந்தவள் சுஜாதா, இறந்துபோன என் கணவர் ரமேஷின் தங்கை. என் பழைய போனைக் கண்ணாடி மேசைமேல் பொத்தென்று போட்டாள்.

"இந்தச் சனியன் அன்னிக்கு ஒயுங்கா அடிச்சிருந்தா எங்க அண்ணன் உசுரோட இருந்திருக்கும். ஹேங்கே ஆவாத போனா குடும்மா."

கடைப்பெண் ஜாக்குலின் சிரித்தாள். "ஹேங் ஆவாத போனும் சண்ட போடாத புருசனும் எந்தக் கடையிலக்கா கீது?"

என்னால் சிரிக்க முடியவில்லை.

மாமல்லபுரத்துச் சிலைப்பட்டறையில் கல்லுக்கு மெருகு போடுகிறவள் நான். தேய்த்துத் தேய்த்து என் விரல்கள் காய்த்துப்போய், அவற்றில் ரேகையே இல்லை. பழைய போன் பாதி நேரம் என் தொடுகைக்கு அசையாது. அதன்மேல் பழி போடுவது எளிதாக இருந்தது.

முட்டுக்காட்டுக் காயலில் தனியாகத் தூண்டில் போடப் போன இடத்தில் ரமேஷுக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. என்னை மூன்று முறை அழைத்திருந்தார். 'போன் ஹேங் ஆயிடுச்சு' என்றேன். எல்லோரும் நம்பினார்கள். சில நாட்களில் நானும் நம்பத் தொடங்கினேன்.

ஆனால் அது அடித்தது. காலையில் போட்ட சண்டை எனக்குள் ஆறவில்லை. விரலுக்கு அசையாத திரையை மணிக்கட்டால் தேய்த்துத் தேய்த்து, மூன்று முறையும் துண்டித்தேன்.

"இது பேட்டரி ரெண்டு நாள் நிக்கும். இது டச் சூப்பர், ஈரக் கையிலகூட எடுக்கும்," என்றாள் ஜாக்குலின்.

"ஈரக் கையில எடுக்கறதே குடு. அண்ணி எப்பவும் கல்லுத் தண்ணியிலதான் கைய வெச்சிகினு கீது."

இருப்பதிலேயே மட்டமான போனைக் கேட்க வேண்டும் போலிருந்தது எனக்கு. நல்ல போன் வந்துவிட்டால் இனி நான் எதைச் சொல்வேன்?

ஜாக்குலின் பழைய போனிலிருந்து சிம்மைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். மறு கையால் புதுப் போனை ஆன் செய்து மேசைமேல் வைத்தாள்.

அது அடித்தது.

திரையில் 'ரமேஷ்' என்றிருந்தது.

"இன்னாக்கா இது?" ஜாக்குலின் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். "சிம்மே இன்னும் போடலியே."

எங்கிருந்தோ உப்பும் சேறும் கலந்த காயல் வாடை வந்தது. குளிர்ந்த கடைக்குள் அது மெல்ல மெல்லக் கனத்தது.

நான் எதையும் யோசிக்கவில்லை. என் மணிக்கட்டு தானாகப் போய்ச் சிவப்புப் பொத்தானைத் தள்ளியது. சத்தம் நின்றது.

சுஜாதா என் கையையே பார்த்தாள்.

மறுபடி அடித்தது.

இந்த முறை அவள் முந்திக்கொண்டாள். காதில் வைத்தாள். பக்கத்தில் நின்ற எனக்கு, கரையில் தண்ணீர் மோதும் சத்தம் மட்டும் கேட்டது.

"அண்ணா?"

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ம்."

பிறகு இன்னொரு "ம்."

அவள் கண்கள் என்மேல் வந்து நின்றன.

"மூணு வாட்டியும் நீதான் கட் பண்ணியா, அண்ணி?"

போன் ஹேங் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

சுஜாதா போனை என் பக்கம் நீட்டினாள்.

"லைன்லதான் கீது. உங்கிட்ட பேசணுமாம்."