எட்டு மணிக்குள் ஒரு வணக்கம்

அழகர்கோவில் தோசைப் பிரசாதத்தோடு ஹாலாஸ்யம், ரோகிணி டீச்சர் வீட்டு வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கியபோது காலை பத்து மணி இருக்கும். இரண்டு பக்கமும் காலி மனை. கேட் பூட்டவில்லை. வாசலில் ஒரு வாரத்துப் பேப்பர் பிரிக்காமல் கிடந்தது.

ஜன்னலருகே போனதும் அந்த வாடை வந்தது.

டீச்சர் இறந்து எட்டு நாளாவது இருக்கும் என்று போலீஸ்காரர் சொன்னார். கையருகே கிடந்த செல்போன் சார்ஜ் இறங்கி அணைந்திருந்தது. ஹாலாஸ்யம் தன் செல்போனை எடுத்துப் பார்த்தார். அன்று காலை ஆறே காலுக்குக்கூட டீச்சரிடமிருந்து ரோஜாப்பூ போட்ட வணக்கம் வந்திருந்தது.

எட்டு நாளும் வந்திருந்தது.

அந்த வணக்கம் வெறும் மரியாதைக்கு அல்ல. ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒன்பது பேர், எல்லோரும் தனியாக இருப்பவர்கள், வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருந்தார்கள். காலை எட்டு மணிக்குள் வணக்கம் போட்டாக வேண்டும். போடாதவர் வீட்டுக்கு, பக்கத்தில் இருப்பவர் போய்க் கதவைத் தட்ட வேண்டும். செல்போனைக் கண்டாலே எரிந்து விழுந்த ஹாலாஸ்யம், மனைவி பட்டு இறந்தபின் அந்த ஒரு காரியத்துக்காகத்தான் அதைக் கற்றுக்கொண்டார். சாவுக்கு அவர் பயப்படவில்லை. விழுந்து, யாருக்கும் தெரியாமல் கிடப்பதை நினைத்துத்தான் பயந்தார்.

கனடாவிலிருந்து மகன் கிரிதர் சொன்னான். "நெட்வொர்க் கோளாறா இருக்கும்ப்பா. பழைய மெசேஜ் லேட்டா வந்திருக்கும்."

பிள்ளைகளுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு நெட்வொர்க் கிடைத்துவிடுகிறது.

கோரிப்பாளையத்திலிருந்து முகைதீன் பிச்சை சார் மட்டும் போனில் கிசுகிசுத்தார். "டீச்சரத் தேடி யாரும் போயிறக் கூடாதுன்னு எதுவோ வணக்கம் போட்ருக்கு சார்."

முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவர் ஹாலாஸ்யம். விடை கண்டுபிடிக்காமல் விடமாட்டார். "இனிமே எழுத்து வேண்டாம் பிச்சை சார். அவாவா குரல்ல பேசி அனுப்பணும். குரலை யாரு திருட முடியும்?"

மற்ற ஏழு பேரும் ஒத்துக்கொண்டார்கள். எதை அழுத்திப் பிடித்துப் பேசுவது என்று ஒவ்வொருவருக்கும் அவரே பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். மறுநாள் அவர் குரல்தான் முதலில் போனது. "ஹாலாஸ்யம் பேசறேன். சௌக்கியமா இருக்கேன். வணக்கம்."

பதினைந்து நாள் நிம்மதியாகப் போயின.

அடுத்த நாள் விடிந்ததும் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்த சத்தம் அவருக்கே கேட்டது. கத்த வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டார். செல்போன் கூடத்து மேஜையில் இருக்கிறது. எட்டு மணிக்குள் வணக்கம் போகாது. பிச்சை சார் வந்துவிடுவார். பினாயில் வாடையடிக்கும் ஈரத் தரையில் கன்னத்தை வைத்தபடி காத்திருந்தார்.

கூடத்தில் நாற்காலி நகர்ந்தது.

"ஹாலாஸ்யம் பேசறேன்."

அவருடைய குரல்.

"சௌக்கியமா இருக்கேன். வணக்கம்."

செய்தி போன சத்தம் கேட்டது. பிறகு மற்றவர்களின் வணக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. ஹாலாஸ்யம் அழுதார். குரலை அதற்குக் கொடுத்ததே தான்தான் என்பது அவருக்கு அப்போது புரிந்தது.

மறுநாள் காலையும் அது பேசியது. முந்தின நாளைவிடத் தெம்பாகவே பேசியது.

மூன்றாம் நாள் வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது.

"சார், நான்தான் பிச்சை. மனசு கேக்கல. ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

இருந்த பலத்தையெல்லாம் திரட்டி ஹாலாஸ்யம் சுவரைத் தட்டினார். நகம் உரசுகிற அளவுக்குத்தான் சத்தம் வந்தது.

கூடத்திலிருந்து பதில் போனது. "குளிச்சிண்டிருக்கேன் பிச்சை சார். நாளைக்கு வாங்களேன்."

வாசலில் செருப்புச் சத்தம் ஓரடி முன்னே வந்து நின்றது. ஹாலாஸ்யம் கண்ணை மூடிக்கொண்டு வேண்டினார்.

"சரி சார், வாரேன். உங்க குரலக் கேட்டதே போதும். நீங்க சொன்ன ரோசனைதான் சார் நம்ம எல்லாரையும் காப்பாத்துது."

ஸ்கூட்டர் கிளம்பித் தெருமுனை திரும்பும்வரை சத்தம் கேட்டது.

பிறகு குளியலறைக் கதவை யாரோ வெளியிலிருந்து மெல்லச் சாத்தினார்கள்.