புளிக்காத நீச்சத்தண்ணி

சித்திரை வெக்கைக்கு, தண்ணி ஊத்தி வச்ச சோறு ஒரு ராத்திரி தாண்டினாலே புளிச்சுப் பொங்கிக் கிடக்கணும். தீப்பெட்டி ஆபீஸுல இருந்து வந்த அலுப்போட பெருமாயி பானைக்குள்ள கைய விட்டுப் பிசைஞ்சு மோந்து பாத்தா. ஒரு வாடையும் இல்ல. புளிப்பு இல்ல, சோத்து மணம்கூட இல்ல. பருக்கை ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம, வெள்ளைக் கல்லாட்டம் அடியில கிடந்துது. இத்தனைக்கும் அது நேத்துச் சோறுகூட இல்ல, அதுக்கும் முந்தின நாள் சோறு.

ஆபீஸுல பசை கெட்டுப்போகாம இருக்க மயில்துத்தம் போடுவாவ. போட்ட பசையில ஈகூட உக்காராது. கல்யாணம் ஆகி வந்த நாள்ல இருந்து அந்தப் பசையில கை வச்சவ பெருமாயி, அவளுக்குத் தெரியாதா? "சோத்துப் பானையில எந்த மூதி துத்தத்தப் போட்டுது?"ன்னு முனங்கினா. துத்தம்னா நீலம் பாரிக்குமே, இது வெள்ளையாத்தான கிடக்குன்னு, பானையத் தூக்கிட்டுப் போயி ஆட்டுக்கு வச்சா. ஆடு மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டுது.

"என்னம்மா புலம்புதே?" உள்ள பாயில சுவத்தப் பாத்து ஒருச்சாய்ஞ்சு படுத்திருந்த உமாராணி கேட்டா. தலைப்பிரசவத்துக்கு ஆத்தா வீடு வந்த மக. மாசம் நெறைஞ்சாச்சு.

"சோறு புளிக்கலட்டி."

"நல்லதுதான. கெடாத தண்ணின்னு அவிய சொன்னது நெசம்தானே."

அவியன்னா, பங்குனியில வேன்ல வந்த கம்பெனிக்காரவிய. கரிசக்காட்டு ஊருணித் தண்ணி எப்பவும் பால் கூடின டீ மாதிரிதான் கிடக்கும். குடத்துக்குள்ள தேத்தாங்கொட்டைய உரசி விட்டு, கலங்கல் அடியில உக்காந்த பொறவு குடிக்கதுதான் இங்க பழக்கம். வந்தவிய நாலஞ்சு கேன இறக்கினாவ. 'நானோ வெள்ளி'ன்னு மேல எழுதியிருந்துது. கண்ணுக்கே தெரியாத வெள்ளிப் பொடியாம், கிருமி ஒண்ணு மிச்சமில்லாமச் செத்துப்போகுமாம். ஊருணித் தண்ணிய ஏத்துத மேல்தொட்டிக்கு ஒரு மூடி ஊத்தினாப் போதும்னு சொல்லிட்டு வேன் ஏறிட்டாவ. ஊருணிக் காவல் பாக்க தங்கச்சாமிக்கு அது மனசுக்கு ஒப்பல. தேத்தாங்கொட்டை உரச உரசத்தான தண்ணி தெளியும், நல்ல காரியத்துல என்ன கஞ்சத்தனம்னு, நாள் பாத்து, மஞ்சத்தண்ணி தெளிச்சு, அம்புட்டு கேனையும் ஊருணியிலயே கவுத்திட்டாரு. பொம்பளைய எல்லாம் குலவை போட்டாவ. பெருமாயியும்தான் போட்டா. ஊருணி கண்ணாடியாத் தெளிஞ்சுது, ஊரே கையெடுத்துக் கும்பிட்டுது.

"ஏட்டி, பிள்ள அசையுதா?"

"நேத்துல இருந்து சும்மாதான் கிடக்கு. தூங்குது போல."

கடைசி பஸ்ஸும் போயாச்சு. இவ ஏன் காலையிலயே சொல்லல? திட்டக்கூட உடம்புல தெம்பு இல்ல. "விடிஞ்சதும் முதல் பஸ்ஸுல கோயில்பட்டி ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம் தாயி. எதாவது சாப்பிடுதியா?"

"பசிக்கலம்மா."

ரெண்டு நாளா இதே பேச்சுதான். மகளோட கொண்டையப் பாத்தா. போன வெள்ளிக்கிழமை தண்ணி தெளிச்சு வச்ச பிச்சிப்பூ, இன்னும் வாடல. இந்தப் புழுக்கத்துல அவ கழுத்துல ஒரு பொட்டு வேர்வை இல்ல. பாயில கிடந்த கையோட நகமெல்லாம் ஈயப் பாத்திரம் மாதிரி சாம்பல் பூத்திருந்துது. பெருமாயி தன் நகத்தையும் பாத்துக்கிட்டா. அதுலயும் லேசா அந்த நெறம்.

குடத்த எடுத்துக்கிட்டு வெளிய இறங்கினா. பொழுது அடைஞ்சு, கருவேல மரத்துக்கு ஊடால செவப்பு மட்டும் மிச்சம் இருந்துது. தாயே, அந்தப் பிள்ள அசைஞ்சாப் போதும், வேற ஒண்ணும் உங்கிட்ட கேக்க மாட்டேன்னு வேண்டிக்கிட்டே நடந்தா. முந்தாநாள் கோடைமழை பெய்ஞ்சும் ஊருணிப் பக்கம் ஒரு தவக்கா கத்தல. கொசு இல்ல. தண்ணி மேல ஓடித் திரியுமே அந்தப் பூச்சியும் இல்ல. படியில பாசி இல்ல. சேத்து வாடை, பாசி வாடை, மாட்டுச் சாணி வாடைன்னு எப்பவும் மூக்கத் துளைக்க எடத்துல, கழுவிக் கவுத்தின பாத்திரத்து வாடைகூட வரல. அவ மூச்சு அவளுக்கே சத்தமாக் கேட்டுது.

தங்கச்சாமி மேல்படியில குத்தவச்சு உக்காந்திருந்தாரு.

"அண்ணாச்சி, மீனு பூராவும் செத்துக் கிடக்கே, பாத்தீயளா?"

தண்ணி அம்புட்டு தெளிவு. என்னைக்கோ மாமியா தவறவிட்ட செம்பு அடியில மினுங்குது. அது பக்கத்துல கெண்டை மீனா வரிசையாக் கிடக்கு. செத்த மீன் உப்பி மேல வரணும். அழுகினாத்தான உப்பும்?

"செத்துத்தான் கிடக்கு." அவரு தலையத் திருப்பல. "நேத்து தெக்க பாத்துக் கிடந்துது. இன்னைக்குப் படியப் பாத்துக் கிடக்கு."

"காத்துக்குத் திரும்பியிருக்கும்."

"தண்ணிக்குள்ள என்ன காத்து, பெருமாயி?"

அவ கீழ்ப்படிக்கு இறங்கினா. வேற தண்ணிக்கு எங்க போக? கிணத்துத் தண்ணி நாக்குல வைக்க முடியாத உப்பு. குனிஞ்சு குடத்தச் சாய்ச்சா. மேல தூசி இல்லாட்டியும், பழக்கத்துல குடத்து வாயால தண்ணிய ரெண்டு தடவ விலக்கினா. அடியில ஒரு வாலு பைய ஆடுச்சு. அலைக்கு ஆடியிருக்கும். அலை நின்னுது. வாலு நிக்கல. அப்புறம் பக்கத்து மீனு. அப்புறம் எல்லாமே. சுண்ணாம்பு தடவின மாதிரி வெளுத்த கண்ணோட, ஒண்ணாத் திரும்புச்சு. அவ நின்ன பக்கமா.

குடத்த அங்கனயே போட்டா. ஓடினா. "அண்ணாச்சி, எந்திரிங்க!" அவரு எந்திரிக்கல. அந்த மனுசன் கண்ணு இமைச்சதான்னுகூட அவ பாக்கல.

வீட்டுல கரண்டு இல்ல. இருட்டுல பிச்சிப்பூ மட்டும் வெள்ளையாத் தெரிஞ்சுது.

"உமா."

சத்தமில்ல.

"ஏட்டி, எந்திரி. யாரையாவது பிடிச்சு வண்டி கட்டச் சொல்லுதேன். இப்பவே போவோம்."

அசையல. சுவத்தப் பாத்து, விட்டுட்டுப் போன அதே படுக்கை. தோளத் தொட்டா. கல்லு மாதிரி குளிர்ச்சி. மூக்குல விரல வச்சா. மூச்சு இல்ல. கையத் தூக்கினா. விறைச்சுக் கிடந்துது, தூக்க வரல. இப்பம் செத்த உடம்பா இது? நேத்தா? அதுக்கும் முந்தியா? அப்ப, கொஞ்சம் முன்ன பேசினது யாரு?

அழுகை வரல. கை தானாப் போயி மக வயித்துல உக்காந்துது.

குளிர்ந்து இறுகிக் கிடந்துது வயிறு.

தாயே.

உள்ள, பைய, ஒரு அசைவு.

கைய எடுக்க நெனச்சா. முடியல. மறுபடியும். உதைக்கல. எந்தப் பிள்ளையும் இப்படி அசையாது. சொரணையே இல்லாம, அவசரமே இல்லாம, உள்ள கிடக்கது திரும்புது.

அவ இருக்க பக்கமா.